முரசு நின்ன நேரம்

ஒரு ஊர்ல ஒரு ஆறு. ஆத்துக்கு ஒரு கரை. கரை மேல ஒரு முரசு. அந்த முரசுக்குப் பக்கத்துல ஒரு பொண்ணு கையைப் பிசைஞ்சுகிட்டு நின்னுகிட்டே இருந்தா. ம் சொல்லு. நீ ம் சொன்னாத்தான் பெரியம்மாவுக்குக் கதை வரும். ஆங், அப்படி.

எந்த ஊருன்னா கேக்கறே? நம்ம பக்கம் இல்லை கண்ணு, சீன தேசம். அந்த ஊர் ஜனங்களுக்குக் கொட்டுன்னா உசிரு. கல்யாணத்துக்குக் கொட்டு, சாவுக்குக் கொட்டு, நாத்து நட்டாக் கொட்டு, கதிர் அறுத்தாக் கொட்டு. நம்ம மொட்டை மாடித் தண்ணித் தொட்டி இருக்கில்ல, அந்த அளவுக்கு மாட்டுத்தோல் போத்தின முரசு. தொம், தொம், தொம்னு அடிச்சா வயித்துக்குள்ள கேக்கும். அப்புறம் தாம்பாளம் மாதிரி வெண்கலச் சேகண்டி. துணி சுத்தின கட்டையால ஒரு தட்டு தட்டினா ஞொய்ங்ங்ங்னு ஊரைச் சுத்திட்டு வரும். அப்புறம் சோத்துத் தட்டு அளவுக்கு ஜால்ரா, ச்சாங், ச்சாங். கோயில்ல மந்திரம் சொல்லும்போது தட்டறதுக்கு மரத்துலயே ஒரு மீன், டொக், டொக், டொக். மீன் எதுக்குன்னா, மீன் கண்ணை மூடவே மூடாதாம், மந்திரம் சொல்றவங்களும் தூங்கக் கூடாதாம். நீ மீன் இல்லை, நீ மூடு.

அந்த ஊர்ல கைக்குழந்தைக்கும் தெரிஞ்ச விஷயம் ஒண்ணு உண்டு. முரசுன்னா ‘வா’. சேகண்டின்னா ‘ஓடு’. அவங்க ராஜாவோட படையில அப்படித்தான். முரசு கொட்டினா முன்னால போய்ச் சண்டை போடணும், சேகண்டி தட்டினாத் திரும்பி வந்துடணும். அதே வழக்கத்தை ஆத்துக்கும் வெச்சிருந்தாங்க. கரை மேல முரசு சத்தம் கேட்டா எல்லாரும் கூடையும் மண்வெட்டியும் எடுத்துகிட்டுக் கரைக்கு வரணும், மண்ணைக் கொட்டி அடைக்கணும். சேகண்டி சத்தம் கேட்டா, இனிமே அடைச்சுப் பிரயோசனம் இல்லைன்னு அர்த்தம். போட்டது போட்டபடி கிடக்க, மலை மேல ஓடிடணும்.

இன்னொரு வழக்கமும் இருந்துச்சு. ஒருத்தர் முரசு கொட்டினா அடுத்தவங்க பதிலுக்குக் கொட்டணும். கொட்டலைன்னா மதிக்கலைன்னு அர்த்தம். அதுவும் எப்படி? வந்த சத்தத்தைவிட ஒரு படி பலமாக் கொட்டணும். அதுதான் அவங்க மரியாதை. நல்ல மரியாதை போ, அதாலதான் வம்பே வந்துச்சு.

ம் சொல்லு.

அந்தப் பொண்ணு பேரு யூலான். ரொம்பப் பயப்படுவா. அடுப்பை அணைச்சுட்டுத் தெரு முனை வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்து அடுப்பைத் தொட்டுப் பாப்பா. கோழிக்கூட்டைச் சாத்திட்டு, சாத்தினேனான்னு ராத்திரி எந்திரிச்சுப் போவா. மழை பெஞ்சா ஆறு வருமோன்னு கேப்பா. மழை பெய்யலைன்னா மலைப்பக்கம் பெஞ்சிருக்குமோன்னு கேப்பா. ஊரே அவளைக் கேலி பண்ணும். சிரிக்காதே. உங்க பெரியப்பா என்னையும் இப்படித்தான் கேலி பண்ணுவாரு, கேஸை எத்தனை வாட்டிதான் பாப்பேன்னு. பயப்படறவங்க நாலு பேர் இருக்கறதாலதான் மத்தவங்க நிம்மதியா மல்லாந்து படுக்கறாங்க, அது யாருக்கும் புரியறதில்லை.

யூலானோட புருஷன் தாஷான். நல்ல ஆட்டக்காரன். சிங்க ஆட்டம்னு ஒண்ணு உண்டு அங்க. துணியும் மூங்கிலும் வெச்சுச் சிங்கம் செஞ்சு, தலைக்குள்ள ஒரு ஆளு, வால் பக்கம் ஒரு ஆளு பூந்துகிட்டு ஆடுவாங்க. தாஷான்தான் சிங்கத்தோட தலை. அவங்களுக்கு ஒரு பிள்ளை. பேரு தோதோ. அப்படின்னா அவங்க பாஷையில பயறுன்னு அர்த்தம். பயறு மாதிரியே உருண்டையா, வழுவழுன்னு இருக்கும். நடக்கக்கூடத் தெரியாது. அப்புறம் தாஷானோட அம்மா. யூலானுக்கு மாமியார். அந்தம்மாவுக்குக் காது மந்தம். பக்கத்துல நின்னு கத்தினாக்கூட, ‘என்ன, சோறு ஆச்சா’ன்னு கேப்பாங்க. அவங்க வீடு பள்ளத் தெருவுல இருந்துச்சு. ஊர்லயே தாழ்வான தெரு. தண்ணி வந்தா முதல்ல அங்கதான் வரும்.

அப்போ ஆத்துச் சாமிக்குத் திருவிழா வந்துச்சு. சுத்துப்பட்டு ஊர்க்காரங்கல்லாம் அவங்கவங்க முரசைத் தூக்கிகிட்டு வந்துட்டாங்க. கோயில் திடல்ல வரிசையா முரசு, வரிசையா சேகண்டி. ஆத்துச் சாமி சந்தோஷப்படணுமாம், அதுக்குத்தான் இவ்வளவு சத்தம். அன்னிக்குக் கரைக்காவல் முறை வேற ஒருத்தனோடது. அவன் என்ன பண்ணினான் தெரியுமா? நேரா யூலான்கிட்ட வந்தான். ‘எப்படியும் நீ ஆத்தைப் பத்தியே நினைச்சுகிட்டு இருக்கப் போறே. அதைக் கரையில நின்னு நினையேன். நான் திருவிழா பாத்துட்டு வரேன்’ அப்படின்னான். இவளும் சரின்னுட்டா. தாஷான் சிங்கத் தலையைக் கக்கத்துல வெச்சுகிட்டு, ‘வெயில் என்னமா அடிக்குது பாரு. இன்னிக்கு ஆறு எங்கடி வரப் போவுது’ன்னு சிரிச்சுகிட்டே போனான். தோதோவுக்குச் சளி. அது மாமியாரோட வீட்லயே இருந்துச்சு.

அப்புறம் யூலான் கரைக்குப் போனா. கரையோரத்துல, தண்ணி ஓடற இடத்துக்குக் கொஞ்சம் மேல, ஒரு இரும்பு எருமை நிக்கும். எந்தக் காலத்துலயோ வார்த்து வெச்சது. அதுதான் அந்த ஊருக்கு அளவு. தண்ணி எருமையோட குளம்பைத் தொட்டா, கண்ணை எடுக்காமப் பாரு. வயித்தைத் தொட்டா, முரசு. கண்ணைத் தொட்டா, சேகண்டி. அவ்வளவுதான் காவக்காரங்களுக்குச் சட்டம்.

அவ போனப்போ குளம்பு காஞ்சிருந்துச்சு. சரின்னு உக்காந்தா. திடல்லேர்ந்து சத்தம் ஆரம்பிச்சுச்சு. தொம் தொம் தொம், ஞொய்ங், ச்சாங் ச்சாங். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் திரும்பிப் பாக்கறா, குளம்பு நனைஞ்சிருக்கு.

‘அலை அடிச்சு நனைஞ்சிருக்கும்’னு சொல்லிகிட்டா. அடுத்த நிமிஷம், ‘அலை அடிச்சா இவ்வளவு நனையுமா’ன்னு கேட்டுகிட்டா. கிட்டப் போய் உத்துப் பாத்தா. தண்ணி காலையில தெளிவா ஓடுச்சு, இப்போ செம்மண் கலர்ல ஓடுது. நுரை மிதக்குது. ஒரு வாழை மரம் வேரோட மிதந்து போவுது, அது பின்னாடியே ஒரு கோழிக்கூடு, கூட்டுக்குள்ள கோழி. இந்த ஊர்ல வெயில் அடிச்சா என்ன, மேல மலையில கொட்டு கொட்டுன்னு கொட்டியிருக்கு.

இரு, கேஸை மூடினேனான்னு ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடறேன்.

மூடித்தான் இருந்துச்சு. எங்க விட்டேன்? ஆங், குளம்பு. அவ பாத்துகிட்டே இருக்கா, தண்ணி முட்டிக்கு வந்துச்சு. சளக், சளக். தொடைக்கு வந்துச்சு. சளக், சளக். அப்புறம் வயித்தைத் தொட்டுச்சு. தொட்ட உடனே யூலான் ஓடிப் போய் ரெண்டு கட்டையையும் எடுத்தா, கரை முரசை ஓங்கி அடிச்சா. தொம். தொம். தொம். வாங்க, வாங்க, வாங்க.

அப்போ திடல்ல என்ன ஆச்சு? சத்தம் அவங்க காதுல விழுந்துச்சு. விழாம இல்லை. ஆனா ஊர்க்காரங்க என்ன நினைச்சாங்க? ‘அடடே, நம்ம யூலான் கரையில தனியா இருக்காளே, அவளும் கொட்டறா பாரு’ன்னு நினைச்சாங்க. நினைச்சு, மரியாதைக்குப் பதில் கொட்டினாங்க. ஒரு படி பலமா. தொம் தொம் தொம் தொம்.

யூலானுக்குப் பகீர்னுச்சு. ‘ஐயோ, புரியலையே’ன்னு இன்னும் ஓங்கி அடிச்சா. அங்கேர்ந்து இன்னும் பலமாப் பதில் வந்துச்சு. இவ அடிக்க, அவங்க அடிக்க. இவ அழுதுகிட்டே அடிக்கறா, அவங்க சிரிச்சுகிட்டே அடிக்கறாங்க. ஒரு ஆள்கூட மண்வெட்டியோட வரலை. இதுல எருமையோட முதுகு முங்கிப் போச்சு.

ம்? தூங்கலையே? பயமா இருக்கா? எனக்கும்தான். கையைக் குடு, பிடிச்சுக்கறேன்.

அப்புறம் தண்ணி எருமையோட கழுத்துக்கு வந்துச்சு. தாடைக்கு வந்துச்சு. கண்ணைத் தொட்டுச்சு. கரையில ஒரு இடத்துல மண்ணு பொதுக்குனு உள்வாங்குச்சு. யூலான் முரசுக் கட்டையைத் தூக்கிப் போட்டுட்டுச் சேகண்டிக்கு ஓடினா. ஞொய்ங்ங். ஞொய்ங்ங். ஞொய்ங்ங். ஓடுங்க, ஓடுங்க, ஓடுங்க.

அதுக்கும் பதில் வந்துச்சு. திடல்ல இருந்த அத்தனை சேகண்டியும் ஒண்ணாச் சேந்து ஞொய்ங்ங்னு பதில் குடுத்துச்சு. ஜால்ராவும் சேந்துகிச்சு. பட படபடன்னு வெடி வேற போட்டாங்க. ‘இன்னிக்கு யூலானுக்கு என்ன உற்சாகம்’னு கெழவிங்க பேசிகிட்டாங்களாம்.

அவ்வளவுதான், அவ சேகண்டியை விட்டுட்டா. காவக்காரங்க கரையை விட்டு இறங்கக் கூடாது, அது பெரிய தப்பு. ஆனா யாருமே கேக்காத சேகண்டிக்குப் பக்கத்துல நின்னு என்ன பண்றது? முரசுக்குக் கட்டியிருந்த செகப்புத் துணியை உருவிகிட்டு இறங்கி ஓடினா. ஓடி வந்தவ, கரையடியில வழி ரெண்டாப் பிரியற இடத்துல அப்படியே நின்னுட்டா.

இடது பக்கம் போனாப் பள்ளத் தெரு. அங்க தோதோ. காது கேக்காத மாமியார். வலது பக்கம் போனாக் கோயில் திடல். அங்க ஊரு மொத்தமும்.

நீ எந்தப் பக்கம் போவே? சொல்லாதே, சொல்லாதே, அந்தக் கேள்வியே எனக்குப் பிடிக்கலை. அவளுக்கும் கால் இடது பக்கம்தான் போச்சு. நாலு அடி வெச்சுட்டா. அப்புறம் நினைச்சுப் பாத்தா. நான் போய் என் பிள்ளையைத் தூக்கிகிட்டு ஓடிடலாம், ஆனா திடல்ல எத்தனை பிள்ளைங்க, எத்தனை தாயிங்க. தாஷானும் அங்கதான், துணிக்குள்ள, கண்ணு தெரியாம. திடலுக்குப் போய்ச் சொல்லிட்டா ஊரே ஓடி வரும், அதுல யாராவது பள்ளத் தெருவுக்கும் ஓடுவாங்க. ‘தோதோ, இருடா, அம்மா வந்துடறேன்’னு சொல்லிட்டு வலது பக்கம் திரும்பினா. வாழ்க்கையில அவ பயந்த பயமெல்லாம் ஒண்ணுமே இல்லை, அன்னிக்குத்தான் நிஜமாப் பயந்தா.

திடலுக்குள்ள பூந்தா. ‘ஆறு வருது, ஆறு வருது’ன்னு கத்தினா. வாய்தான் திறந்துச்சு, சத்தம் அவ காதுக்கே கேக்கலை. தொம் தொம் தொம், ஞொய்ங், ச்சாங் ச்சாங் ச்சாங். ஒருத்தர் தோளைப் பிடிச்சு உலுக்கினா. அவரு சிரிச்சுகிட்டே அவ வாயில ஒரு மிட்டாயைத் திணிச்சாரு. கரைக்காவல் முறையை இவ தலையில கட்டினவன் இருந்தானே, அவன் அவளைப் பாத்ததும், ‘நீயும் வந்துட்டியா’ங்கற மாதிரி தலையை ஆட்டினான். அப்போ அவ செகப்புத் துணியைத் தலைக்கு மேல தூக்கி ஆட்டினா. செகப்பைப் பாத்தாவது ஆபத்துன்னு தெரியாதா?

தெரியலையே. அந்த ஊர்ல செகப்புத் துணியை ஆட்டினா, சிங்கத்தை ‘வா, வந்து பிடி’ன்னு கூப்பிடறதுன்னு அர்த்தம். உடனே ஜனங்க விலகி வழி விட்டாங்க. சிங்கம் குதிச்சு வந்துச்சு, டிங்கு டிங்குன்னு மணி ஆட்டிகிட்டு. பெரிய கண்ணைச் சிமிட்டுச்சு, காதை ஆட்டுச்சு, இவ காலடியில வந்து உக்காந்து வாலை ஆட்டுச்சு. உள்ள இருக்கறது அவ புருஷன். ‘என்னங்க, ஆறு வருதுங்க, பிள்ளை வீட்ல இருக்குங்க’ன்னு சிங்கத்தோட வாய்க்குள்ளயே குனிஞ்சு கத்தினா. அவனுக்கு அவ செருப்பில்லாத காலு மட்டும்தான் தெரிஞ்சுச்சு. பொண்டாட்டி விளையாட வந்துட்டான்னு சந்தோஷமாத் துணியைக் கவ்வி இழுத்துகிட்டு ஆடப் போய்ட்டான்.

யூலான் வெறுங்கையோட நின்னா. அழுகையா வந்துச்சு. முரசு ஆச்சு, சேகண்டி ஆச்சு, செகப்புத் துணியும் ஆச்சு. இந்நேரம் தண்ணி எங்க வந்திருக்கும்? தொட்டில் எவ்வளவு உசரம்? மாமியார் கண் அசந்திருப்பாங்களோ?

ம் சொல்லு கண்ணு. அத்தை தலைமுடியைப் பிடிச்சு இழுக்காம ம் சொல்லு. பாரு, பயத்துல என்னையே அத்தைன்னுட்டேன், நான் பெரியம்மா.

அப்போ அவ சிங்கத்தைப் பாத்தா. சிங்கம் ஏன் குதிக்குது? முரசு குதிக்கச் சொல்லுது. சிங்கம் உக்காருது, முரசு மெதுவாப் போவுது. சேகண்டிக்காரன் எங்க பாக்கறான்? முரசைப் பாக்கறான். ஜால்ராக்காரன்? அவனும் முரசைத்தான் பாக்கறான். அத்தனை ஊர் முரசுக்காரங்களும் நடுவுல இருக்கற பெரிய முரசைத்தான் பாக்கறாங்க. அந்தப் பெரிய முரசை அடிக்கறவரு குவோன்னு ஒரு வயசானவரு. தாடி நெஞ்சு வரைக்கும் தொங்கும், கோவம் அதுக்கும் கீழ வரைக்கும் தொங்கும். அவரு கட்டை போற வழியிலதான் மத்த எல்லாக் கட்டையும் போகும். அது அவங்க கொட்டுக்குச் சட்டம்.

இன்னொரு சட்டமும் உண்டு. சாமிக்குக் கொட்டும்போது பெரிய முரசு பாதியில நிக்கவே கூடாது. நின்னா சாமி குத்தம். அது மேல வேற யாரும் கை வைக்கக் கூடாது. ஒரு தடவை ஒரு ஆடு வந்து முரசை மோந்து பாத்துச்சாம், குவோ அந்த ஆட்டோட சொந்தக்காரனோட மூணு வருஷம் பேசலை.

யூலான் கூட்டத்தை இடிச்சுகிட்டுப் போனா. குவோ கண்ணை மூடிகிட்டு அடிச்சுகிட்டு இருந்தாரு. அவ முரசு மேல சாஞ்சு, ரெண்டு உள்ளங்கையையும் விரிச்சு, தோல் மேல அழுத்தி வெச்சுட்டா.

கட்டை ரெண்டும் இறங்கியாச்சு. அவரால நிறுத்த முடியலை. பொத், பொத்னு அவ கை மேலயே விழுந்துச்சு. அவ கையை எடுக்கலை.

முரசு நின்னுச்சு.

சேகண்டி நின்னுச்சு. ஜால்ரா நின்னுச்சு. மத்த ஊர் முரசெல்லாம் ஒண்ணு பின்னால ஒண்ணா நின்னுச்சு. சிங்கம் ஒரு காலைத் தூக்கினபடி நின்னுச்சு. மிட்டாய் மென்னுகிட்டு இருந்தவரு வாயும் நின்னுச்சு. அந்தத் திடல்ல ஒரு சத்தம் இல்லை.

குவோ கண்ணைத் திறந்தாரு. முகமெல்லாம் செவந்து போச்சு. திட்டறதுக்கு வாயைத் திறந்தாரு. திறந்த வாய் அப்படியே இருந்துச்சு. ஏன்னா அந்த அமைதிக்குள்ள, தூரத்துல, ஒரு சத்தம் கேட்டுச்சு.

ஹோ…

காத்து இல்லை. காத்துன்னா நடுவுல நின்னு நின்னு வரும். இது நிக்காம வந்துச்சு. ஹோ… அத்தனை பேரும் கேட்டாங்க. குவோ முரசுக் கட்டையைக் கீழ போட்டாரு. பக்கத்துல நின்னவன் கையில இருந்த சேகண்டியைப் பிடுங்கி, ஒரே ஒரு தட்டு தட்டினாரு. ஞொய்ங்ங்ங்.

இப்போ எல்லாருக்கும் புரிஞ்சுச்சு. கூட்டம் மொத்தமும் மலைப்பக்கம் ஓடுச்சு. பிள்ளைங்களைத் தூக்கிகிட்டு, கெழவிங்களை முதுகுல சொமந்துகிட்டு. முரசெல்லாம் கெடந்த இடத்துலயே கெடந்துச்சு. யூலான் மட்டும் எதிர்ப்பக்கம் ஓடினா. தாஷான் சிங்கத் தலையைப் பிய்ச்சு எறிஞ்சுட்டு அவ பின்னாடியே ஓடினான்.

பள்ளத் தெரு முனையில தண்ணி கணுக்கால் அளவு. ரெண்டு வீடு தாண்டினதும் முழங்கால் அளவு. அவங்க வாசல்ல இடுப்பு அளவு. கதவு திறந்து கெடந்துச்சு. ‘அத்தை, அத்தை’ன்னு கத்திகிட்டே உள்ள போனா. பானை மிதக்குது, முக்காலி மிதக்குது. மூலையில தொட்டில் மிதந்து மிதந்து சுவத்துல முட்டிகிட்டு இருந்துச்சு. டொக், டொக். அவ கிட்டப் போய்த் துணியை விலக்கினா.

தொட்டில் காலி.

யூலான் தண்ணிக்குள்ள ரெண்டு கையையும் விட்டுத் துழாவினா. அந்தக் கை, கட்டை விழுந்து வீங்கின கை, விரலே மடங்கலை. தாஷான் கதவுக்குப் பின்னால பாத்தான், கட்டிலுக்கு அடியில முங்கிப் பாத்தான். ஒண்ணும் இல்லை. ‘நான் வலது பக்கம் போனேனே’ன்னு அவ சொன்னா. ‘வலது பக்கம் போனேனே’ன்னு அதையே திரும்பத் திரும்பச் சொன்னா. தாஷான் அவளை இழுத்துகிட்டு வெளிய வந்தான். வீட்டுக்குப் பின்னால மலைக்கு ஏறுற ஒத்தையடிப் பாதை இருந்துச்சு. அதுல நின்னு அவ, இருந்த மூச்சையெல்லாம் சேத்து, ‘தோதோ’ன்னு கத்தினா.

அப்போ மேலேர்ந்து ஒரு குரல் வந்துச்சு, நல்லா எரிச்சலா.

‘ஏன்டி இப்படிக் கத்தறே? பிள்ளை இப்பத்தான் கண் அசந்துச்சு.’

மாமியார்தான். பாறை மேல உக்காந்துகிட்டு, இவ வாயைத் திறந்ததைப் பாத்துத்தான் கேட்டாங்க. மடியில தோதோ, சளி மூக்கோட, வாயைப் பொளந்துகிட்டுத் தூங்குது. யூலான் நாலு காலால ஏறிப் போய்ப் பிள்ளையை வாங்கினா. நெஞ்சோட வெச்சுகிட்டா. அழுதா பாரு, அப்படி ஒரு அழுகை. தாஷான் அம்மாவோட காதுகிட்டப் போய், ‘உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது, சேகண்டிச் சத்தம் கேட்டுச்சா’ன்னு கத்தினான்.

‘எனக்கு எந்தச் சத்தம்டா கேட்டிருக்கு’ன்னாங்க அந்தம்மா. ‘காலையிலேர்ந்து தரை அதிர்ந்துகிட்டே இருந்துச்சு. கஞ்சிக் கிண்ணம் மேஜை மேல ஆடிகிட்டே இருந்துச்சு. திருவிழா நடக்குதுன்னு உக்காந்திருந்தேன். திடீர்னு கிண்ணம் ஆடறது நின்னு போச்சு. சாமிக்குக் கொட்டற முரசு பாதியில நிக்குமா? என்னமோ ஆயிருச்சுன்னு பிள்ளையைத் தூக்கிகிட்டு ஏறிட்டேன்.’

பாத்தியா? யூலான் அடிச்ச முரசும் சேகண்டியும் அந்தம்மா வரைக்கும் போகலை. அவ நிறுத்தினதுதான் போச்சு. அவ வலது பக்கம் போனதுதான் வீட்டுக்கும் சேதி கொண்டு போச்சு.

அன்னிக்கு ஆறு ஊருக்குள்ள வந்துச்சு. வீடு போச்சு, நெல்லு போச்சு, ஆடு மாடு கொஞ்சம் போச்சு. ஆளு ஒருத்தரும் போகலை. மலை மேல குளிர்ல எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் ஒட்டிகிட்டு உக்காந்திருந்தப்போ, குவோ யூலானைத் தேடிகிட்டு வந்தாரு. அவ கையைப் பிள்ளைத் துணிக்குள்ள ஒளிச்சுகிட்டா. முரசு மேல கை வெச்சவளாச்சே. அவரு எதிர்ல குத்த வெச்சு உக்காந்து, ‘கையைக் காட்டும்மா’ன்னாரு. காட்டினா. ரெண்டு கையும் இட்லி மாதிரி உப்பியிருந்துச்சு. அவரு தன்னோட தலைத்துணியைக் கிழிச்சு, ஒவ்வொரு விரலாச் சுத்திக் கட்டிவிட்டாரு. அவரு தாடி நனைஞ்சு போயிருந்துச்சு. மழை இல்லை, அழுகை.

அப்புறம் தண்ணி வடிஞ்சுச்சு. சேத்தை வழிச்சுப் போட்டுட்டு வீடு கட்டினாங்க. முரசுக்குப் புதுத்தோல் போத்தினாங்க. அடுத்த வருஷம் திருவிழா வந்துச்சு. யூலான் வர மாட்டேன்னுட்டா. முன்னாடி மழைக்கும் அடுப்புக்கும் பயந்தவ, இப்போ கொட்டுச் சத்தம் கேட்டாலும் பயந்தா. கொட்டுக்குள்ள வேற ஒண்ணு வந்துகிட்டு இருக்குமோ, நமக்குக் கேக்காமப் போயிடுமோன்னு. குவோ ஆளு அனுப்பிப் பாத்தாரு, வரலை. அப்புறம் அவரே வந்து வாசல்ல நின்னாரு. ‘இத்தனை வருஷமா ஆத்துச் சாமிக்குக் கொட்டறோம், ஒரு நாளாவது நிறுத்தி, ஆறு என்ன சொல்லுதுன்னு நாங்க கேட்டதில்லைம்மா. நீ வந்து நிறுத்து. உன் கை பட்டாத்தான் நாங்க நிறுத்துவோம்’னாரு.

அவ போனா. தோதோவை இடுப்புல வெச்சுகிட்டுப் போனா. கொட்டு ஆரம்பிச்சுச்சு. தொம் தொம் தொம், ஞொய்ங், ச்சாங் ச்சாங். ஆட்டம் நல்லா ஏறி நிக்கற நேரம், குவோ அவளைப் பாத்துத் தலையை ஆட்டினாரு. கட்டையை ரெண்டு பக்கமும் ஒதுக்கிகிட்டாரு. யூலான் பிள்ளையை மாமியார்கிட்டக் குடுத்துட்டு, உள்ளங்கை ரெண்டையும் தோல் மேல வெச்சா. கட்டை விழலை.

எல்லாம் நின்னுச்சு. சிங்கம் ஒத்தைக் காலோட நின்னுச்சு. ஊரே மூச்சைப் பிடிச்சுகிட்டு ஆத்துப்பக்கம் காதைக் குடுத்துச்சு. அவளும் குடுத்தா. ஒரு மாடு எங்கயோ புல்லை மேயற சத்தம். எலை அசையற சத்தம். அதுக்கு அப்பால, அவ கேட்டா, கேட்டா, நல்லாக் கேட்டா.

சிங்கத்தோட வாய்க்குள்ளேர்ந்து தாஷான் மெதுவாக் கேட்டான். ‘என்ன கேக்குது?’

‘ஒண்ணும் கேக்கலைங்க’ன்னா யூலான்.

சொல்லிட்டு முரசு மேலயே தலையைச் சாச்சுகிட்டு அழுதா. சந்தோஷத்துல. பொறந்ததுலேர்ந்து அவ அவ்வளவு நிம்மதியா எதையும் கேட்டதே இல்லை.

ஆறு அடங்கிருச்சு, முரசு அடங்கிருச்சு, சிங்கம் துணியா மடிஞ்சு பெட்டிக்குள்ள போயிருச்சு. கதையும் அடங்கிருச்சு. போர்வையை இழுத்துக்க கண்ணு, தூங்கு.